தூளியும் தொழிற்கூடமும்

குழவியின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பகுத்து, அப்பகுப்பையே ஒரு பிரபந்தத்துக்கு இலக்கணமாக வகுத்தவர் நம் முன்னோர். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பிள்ளைத்தமிழ் செல்லும் வழி, பிள்ளை தலை நிமிர்ந்து முகமசைத்தல் முதலாகத் தளர்நடையிட்டு வருதல் ஈறாக, ஒரு தாய் நாள்தோறும் விழித்த கண் இமையாது காணும் காட்சிகளின் வரிசையே அன்றோ? குன்றத்தூரிற் பிறந்து, சோழ நாட்டு அமைச்சராய் விளங்கிப் பெரியபுராணம் அருளிய சேக்கிழார்க்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கின்றார். அக்குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்திலே, இக்காலத்துத் தாய்மார் பலர் தம் மக்களின் சப்பாணியையும் வருகையையும் ஞாயிற்றுக்கிழமைதோறுமே காண்கின்றனர். அதனைப் பற்றியே யாம் இங்குச் சில சொல்ல விரும்புகின்றோம்.

திருமுடிவாக்கத்தை நம் மாணவருட் பெரும்பாலோர் அறிவர். வண்டலூரினின்று மீஞ்சூர்க்குச் செல்லும் வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஊர் அது. 1970-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகம், அதாவது சிட்கோ, அங்கே ஒரு தொழிற்பேட்டையை அமைத்திருக்கின்றது. வாகனங்களுக்கு வேண்டும் உறுப்புக்களைக் கடைவோரும், துளையிடுவோரும், அச்சு வார்ப்போரும் சிறு சிறு கூடங்களில் அங்குத் தொழில் செய்கின்றனர். ஒரு கூடத்தில் எண்மர், மற்றொன்றில் இருபதின்மர், சற்றே பெரிதாயின் நாற்பதின்மர். அனகாபுத்தூர், பம்மல், பழந்தண்டலம் முதலிய சுற்றூர்களினின்றும் பெண்டிர் பலர் பேருந்திலும் பங்கு ஆட்டோவிலும் அங்கே வருகின்றனர்.

அவருள் ஒருத்தியை யாம் நன்கறிவோம். கடைந்து முடித்த இரும்புருளைகளை மைக்ராமீட்டர் கொண்டு அளந்து, அளவு பிசகியவற்றை ஒதுக்கிவைப்பது அவள் தொழில். மயிரிழையினும் நுண்ணிய வேற்றுமையைக் கண்டு பிடிக்கும் கண் அவளுக்கு. ஒன்றரை வயதுள்ள ஆண் மகவு ஒன்று உண்டு. காலை எட்டரை மணிக்குக் கூடத்தில் இருத்தல் வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து சோறாக்கி, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சி, அவனைத் தெருக்கோடியிலுள்ள ஒரு முதியவளிடம் விட்டுச் செல்வாள். அம்முதியவளுக்குத் திங்கள்தோறும் கொடுக்கும் தொகை சம்பளத்தில் ஒரு கூறு. அவளுக்கு முழங்கால் நோவு வந்த நாளில் இவளுக்கு விடுப்பு. விடுப்பு எடுத்த நாளில் ஊதியம் இல்லை.

பிள்ளையோ தாய் புறப்படும் குறியை நன்கறிந்துகொண்டான். சோற்றுப் பாத்திரத்தை மூடும் ஒலி கேட்ட அளவில், அவள் செருப்புக்களில் ஒன்றை எடுத்துக் கட்டிலின் அடியிலே ஒளித்துவிடுகிறான். ஒரு செருப்பின்றித் தாய் போகாள் என்பது அவன் துணிபு. முதல் நாள் அவள் சிரித்தாள்; இரண்டாம் நாள் பேருந்தைத் தவறவிட்டுச் சினந்தாள்; மூன்றாம் நாள் முதல் பழைய செருப்பு ஒரு இணையை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் புதியதை மேலே வைக்கப் பழகினாள். இதை எம்மிடம் கூறும்போது அவள் நகைத்தாள்; நகைப்பு முடியுமுன் முகத்தை வேறு புறம் திருப்பிக்கொண்டாள். ஒன்றரை வயதுப் பிள்ளை தாயைப் பிரியுங்கால் கதறுவது அவ்வயதின் இயல்பே என்றும், குறையன்று என்றும் குழந்தை மருத்துவர் கூறுவர். இயல்பே எனினும், கதறல் கதறலே.

துன்பம் ஒன்றையே கூறி இரங்குதல் அத்தாய்க்குச் செய்யும் நீதியன்று. மாலையில் அவள் திரும்பும் காட்சியையும் கூறல் வேண்டும். உடையில் இயந்திர எண்ணெய் மணம். இரும்புச் சுருள்கள் முந்தானையில் ஒட்டியிருக்குமோ என்னும் அச்சம். ஆதலின் பிள்ளையை உடனே எடுத்தல் ஆகாது; வேறு சேலை மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே எடுத்தல் கூடும். அதுவரை அவன் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பான். கதவு திறந்ததும் அவன் கூறுவது 'அம்மா' என்பதன்று. கடைசற்பொறி சுழலும் ஒலியை வாயால் எழுப்பிக் காட்டுவான். அவ்வொலியை அவள் ஒருநாள் விளையாட்டாகச் செய்துகாட்ட, அதுவே அம்மாவின் பெயர் என்று கொண்டுவிட்டான் போலும்! தான் ஈட்டிய பொருளில் அவனுக்கு முதல் முதல் வாங்கிய ஒரு குடையைப் பற்றி அவள் அரைமணி நேரம் எம்மிடம் பேசினாள். வீட்டு வாடகையில் தன் பங்கு இருக்கின்றது என்பதும், கணவன் கையை நோக்காமல் மருந்து வாங்க முடிகின்றது என்பதும் அவள் பெருமை. வேலையை விட்டுவிடலாகாதோ என்று கேட்டோம். இயந்திரங்களோடு இருக்கும்போது தான் வேறொருத்தி என்றும், அவளையும் தனக்குப் பிடிக்கும் என்றும் விடை கூறினாள். யாம் பிறகு அக்கேள்வியைக் கேட்கவில்லை.

நிற்க. இக்கேள்வியை இன்னும் பலர் கேட்கின்றனர். தாய் வீட்டிலிருப்பதே தொன்றுதொட்ட வழக்கம் என்பது அவர் கருத்து. இது வரலாறு அறியாதார் கூற்று. நாற்று நட்டவர் யார்? களை பறித்தவர் யார்? நெசவிலே பாவு தோய்த்தும் இழை முடிந்தும் கணவரோடு உழைத்தவர் யார்? வயலோரத்து வேம்பிலே பழஞ்சேலையால் தூளி கட்டி, அதிலே மகவைக் கிடத்தி, அழுகுரல் கேட்டால் வரப்பேறிப் பாலூட்டிவிட்டு மீண்டும் சேற்றில் இறங்கிய தாயை நம் பாட்டனார் அனைவரும் கண்டிருக்கின்றனர். எனவே புதிதாய் நேர்ந்தது தாய் உழைக்கத் தொடங்கியதன்று. தூளி கட்டிய மரம் வேலைத்தலத்துக்கு வெளியே போய்விட்டது, அதுவே புதிது. வேலைக்கும் மரத்துக்கும் இடையே ஒரு மதிலும், மதிலிலே ஒரு வாயிலும், வாயிலிலே ஒரு காவலாளனும் வந்துவிட்டனர். அக்காவலாளன் செருப்பை ஒளித்தவனை உள்ளே விடான். இயந்திரங்களுக்கிடையே மகவை விடுதல் ஆகாது என்பதும் உண்மையே. அவன்மீது யாம் குறைகூறவில்லை.

அம்மரத்தை மீண்டும் வேலைத்தலத்துக்கு அருகே நடுதல் எங்ஙனம் என்பதே வினா. சட்டம் இதனை முழுதும் மறந்துவிட்டது என்றல் பிழை. 1919-ஆம் ஆண்டிலே உலகத் தொழிலாளர் மாநாடு மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் பன்னிரண்டு வாரம் ஓய்வு வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. நம் சென்னை மாகாணமும் 1934-இல் மகப்பேற்று உதவிச் சட்டம் ஒன்றை இயற்றியது. விடுதலைக்குப் பின்னர் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்டிர் ஐம்பதின்மருக்கு மேல் வேலை செய்யும் ஆலையிலே ஆறு வயதுக்குட்பட்ட மக்களுக்கு ஓர் அறை வேண்டும் என விதித்தது. 1976-இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பெற்றது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த பன்னிரண்டு வார விடுப்பு 2017-இல் இருபத்தாறு வாரமாயிற்று. நன்று! ஆயினும் கணக்கைப் பாருங்கள். இருபத்தாறு வாரம் என்பது ஆறு திங்கள். அங்கன்வாடியிலே ஆறு திங்களான மகவுக்குச் சத்துமாவு கிடைக்கும். ஆயினும் பகலிலே அங்கே உட்கார்ந்து உண்டு, பாட்டுக் கேட்டு விளையாடும் பிள்ளைகள் இரண்டு வயதைக் கடந்தவர்களே. அவர்க்கும் மாலை வேலை முடியுமுன் அங்கன்வாடி மூடப்பெறும். ஆறு திங்களுக்கும் இரண்டு வயதுக்கும் இடையே, அதாவது தவழ்ந்து, எழுந்து, நடந்து, பேசும் காலம் முழுதும், அக்குழந்தை யார் கையில் இருப்பது? பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் பெரும்பாலனவும் அவ்விடைவெளியில் அடங்கிவிடுகின்றன.

இனி எண்ணிக்கையைப் பற்றி. பெண்டிர் முப்பதின்மருக்கு மேற்பட்டால் அறை வேண்டும் என்ற பழைய விதியிலே ஒரு தீங்கு இருந்தது. சிக்கனமுள்ள முதலாளி முப்பத்தோராம் பெண்ணை வேலைக்கு எடாமலிருக்க அதுவே போதிய காரணம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தமும், அதன் வழியே 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பெண்டிரை மட்டும் எண்ணாது, ஆடவரையும் சேர்த்து ஐம்பதின்மர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றன. தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று பிள்ளையைக் காணலாம் என்றும் கூறின. மகவு தாய்க்கு மட்டும் உரியதன்று என்னும் உண்மை சட்டத்தின் கண்ணில் இப்போதுதான் பட்டது போலும். ஆயினும் எண்மரும் இருபதின்மரும் நாற்பதின்மரும் உழைக்கும் திருமுடிவாக்கத்துக் கூடங்களுக்கு இவ்விதியால் வந்த பயன் யாது? ஒவ்வொரு கூடமும் எண்ணுக்குள் அடங்காமல் தப்பிவிடுகின்றது. கூடங்களெல்லாம் சேர்ந்தால் எத்தனை ஐம்பது ஆகும்!

தப்புகின்ற முதலாளியைக் கொடியவர் என்று யாம் கூறோம். பத்துப் பேருக்கு ஊதியம் கொடுக்கவே கடன் வாங்குவோர் அவருட் பலர். ஒருவர் மட்டும் ஓர் அறையும் ஓர் ஆயாவும் வைத்தல் இயலாது. ஆனால் இதே இடர்ப்பாடு மருத்துவத்துக்கும் மகப்பேற்றுச் சம்பளத்துக்கும் இருந்தது. அதை நாடு எவ்வாறு தீர்த்தது? தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டம், ஈ.எஸ்.ஐ. என்று யாவரும் அழைப்பது, முதலாளியிடம் ஊதியத்தில் நூற்றுக்கு 3.25-உம், தொழிலாளியிடம் 0.75-உம் பெற்று ஒரு பொதுநிதியாக்குகின்றது. இருபத்தாறு வாரச் சம்பளம் அந்நிதியினின்று வருவதால், கருவுற்ற பெண்ணைக் கண்டு அத்திட்டத்துக்குட்பட்ட சிறு முதலாளி அஞ்சவேண்டுவதில்லை. மகப்பேற்றுக்குப் பொதுநிதி கூடுமாயின், மகவு வளர்ப்புக்குக் கூடாதது என்னை? பல நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று மேற்கூறிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பே வழி காட்டுகின்றது. சாலையும் தண்ணீரும் மின்சாரமும் பொதுவாக அமைந்த தொழிற்பேட்டையிலே, பிள்ளைகளுக்கென ஒரு கட்டடமும் பொதுவாக அமைதல் வேண்டும். இடம் சிட்கோவினுடையதாகவும், செலவு கூடங்களின் ஆட்கணக்குப்படியும், எஞ்சியது அரசினதுமாக இருக்கலாம். ஐம்பதுக்குக் குறைந்த கூடங்களையும் இதில் கட்டாயமாகச் சேர்த்தல் வேண்டும் என்பது எம் கொள்கை. விரும்பினால் சேரலாம் என்று விட்டால் எவரும் சேரார்.

இது கனவு என்று தள்ளுவார்க்கு இரண்டு சான்று கூறுவோம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலே, கொழுந்து பறிக்கும் தாய்மார் தம் மக்களை விட்டுச் செல்லும் இடத்துக்குப் 'பிள்ளைமடுவம்' என்று பெயர். எவ்வளவு அழகிய தமிழ்! அங்கெல்லாம் வசதி நிறைவாக இருந்தது என்று சொல்ல யாம் துணியோம். ஆயின் வேலைத்தலத்தோடு பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு என்னும் எண்ணம் அங்கே சொல்லாகவே நிலைத்துவிட்டது. மற்றொன்று தில்லியிலே. 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காக நடந்த கட்டட வேலையிலே, கல்லும் மண்ணும் சுமந்த பெண்களின் குழந்தைகள் வெயிலிலே கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் என்னும் அம்மையார் ஒரு கூடாரத்தில் அவர்களைப் பேணத் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' என்னும் அமைப்பு அங்ஙனம் தோன்றியது. ஒரு கூடாரத்தில் இயன்றது ஒரு தொழிற்பேட்டையில் இயலாதோ?

ஆயாவைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய இடங்களிலே மிகக் குறைந்த ஊதியம் பெறுபவள் அவளே. மைக்ராமீட்டர் பிடிக்கும் கைக்கு ஒரு மதிப்பும், பத்துக் குழந்தைகளை உண்பித்துத் துயிற்றும் கைக்கு அதிற் பாதியும் தருவோமாயின், ஒருத்தியின் சுமையை மற்றொருத்தியின் தலைக்கு மாற்றியதாகவே முடியும். அவளும் ஒரு மகவுக்குத் தாயாக இருக்கலாம் என்பதை மறத்தலாகாது. கட்டடத்துக்குக் கொடுக்கும் கருத்தில் ஒரு பங்கேனும் அவள் ஊதியத்துக்குக் கொடுத்தல் நலம்.

பிறரைக் குறைகூறும் முன் யாமும் நம் வாயிலை நோக்கல் தகும். நம் வகுப்பறைகளைப் பெருக்குவோரும், விடுதியிலே சமைப்போரும், ஆய்வுக்கூடத்திலே குடுவை கழுவுவோரும் தம் மக்களை எங்கே விட்டு வருகின்றனர் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? இவ்வாண்டு இக்கட்டுரையை எழுதப் புகுந்த பின்னரே யாமும் ஒருவரைக் கேட்டோம். பக்கத்து வீட்டில் என்றார். பக்கத்து வீட்டார் ஊருக்குப் போனால்? விடை கூறாமல் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சென்ற திங்களில் ஒரு நாள் மாலை யாம் திருமுடிவாக்கம் சென்றிருந்தோம். அப்பெண் தொழிற்பேட்டை வாயிலினின்று வந்துகொண்டிருந்தாள். மழை தூறியது. முதியவளுக்கு உடல்நலம் குன்றியிருந்தமையால், கணவன் அன்று அரைநாள் விடுப்பெடுத்துக் குழந்தையை அங்கேயே கொண்டுவந்திருந்தான். மதிலுக்கு வெளியே ஒரு புங்க மரத்தடியிலே, அவள் வாங்கித்தந்த குடையைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றனர். தாயைக் கண்டதும் பிள்ளை இறங்கி நடந்தான். இருபது அடி தூரம் இருக்கும், இருமுறை விழுந்தான். அவள் ஓடிச்சென்று எடுக்கவில்லை. எண்ணெய் படிந்த முந்தானையை ஒரு கையாற் பின்னே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, மற்றொரு கையை நீட்டி, வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தாள்.