குமரிக்கு விமான நிலையமா, ரோடா?

தோவாளைன்னா பூச்சந்தை. இன்னொரு அடையாளமும் உண்டு: தூத்துக்குடி, திருவனந்தபுரம் விமான நிலையங்களுக்கு ஏறத்தாழ நடுவில் இருக்கிற ஊர். நேர்கோட்டில் அது சுமார் 80 கி.மீ., இது 70.

அந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே வான்தூரம் சுமார் 125 கி.மீ. ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தா 15 நிமிஷம்தான்! ஆனா ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, சுத்தி வந்து இறங்குறதுன்னு அரைமணி நேரம் கூட்டணும். தூரம் குறையக் குறைய இந்த அரைமணிதான் கணக்கை விழுங்குது. அதனால இங்கே நேரடி விமானம் இல்லாததில் ஆச்சரியமில்லை. சென்னை வழியா போனா 1,100 கி.மீ.க்கு மேல பறக்கணும்.

ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு நடுவே வெறும் 2.7 கி.மீ.க்கு ஒரு குட்டி விமானம் ஓடுது. அட்டவணைப்படி 2 நிமிஷம். நடுவில் கடல், அதனால நியாயம். நமக்கு நடுவில் இருப்பது ரோடுதானே?

"குமரிக்கும் விமான நிலையம் வேணும்"னு சொல்றவங்க இதை யோசிக்கணும். தோவாளைப் பூ திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போக வானத்தில் நாலு மணி நேரம். அந்த நிலையத்துக்குப் போய்ச் சேரவே ரோட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல. வருஷக்கணக்கா இழுத்துட்டிருக்கிற நான்குவழிச் சாலையை முதல்ல முடிங்க. பூ வாடுறது வானத்தில் இல்ல, களியக்காவிளை நெரிசல்லதான்.