உள்ளீட்டுக்கு உப்பு

கறியில் உப்புக் குறைந்தால் உண்பவர் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்வார். பற்றிஸ், றோல்ஸ் முதலிய சிற்றுண்டிகளின் உள்ளீட்டில், அதாவது நம் வீடுகளில் உள்ளுடன் என்று வழங்கும் பகுதியில், அது குறைந்தால் பரிகாரமே இல்லை. மேலே தூவிய உப்பு நாநுனியிற் கரித்து அகன்றுவிடும். உள்ளே கிழங்கு சப்பென்று கிடக்கும். ஆதலின் கறிக்கு உப்பிடுவதினும் உள்ளீட்டுக்கு உப்பிடுவது பொறுப்பு மிக்க காரியமாகும்.

நமது தேநீர்க்கடைகள் பலவற்றிலும் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைகளிலும் இப்பொறுப்பு தளர்ந்து வருகின்றது. உருளைக்கிழங்கை வெறுநீரில் அவித்து மசித்து, மீனைக் கலந்து, ஈற்றில் ஒரு கை உப்பை எறிகின்றனர். அது ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் இன்றியும் நிற்கின்றது. குறையை மறைக்கச் சோஸ் போத்தல் மேசைக்கு வருகின்றது. அச்சோஸிலும் உப்புண்டு, சீனியும் உண்டு என்பதை எவர் எண்ணுகின்றார்?

முறையோ அரிதன்று. தோல் நீக்கி வெட்டிய கிழங்கை உப்புநீரிலேயே அவித்தல் வேண்டும். வெண்காயம் வதங்கும்போது ஒரு சிட்டிகை இட்டால் நீர்விட்டு விரைவிற் குழையும். கோவாவுக்கு முன்னரே உப்பிட்டுப் பிசறிச் சற்று நேரம் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். இன்றேல் அந்நீர் பின்னர் உள்ளே கசிந்து மாவை ஊறச்செய்யும். பொரிக்கும்போது எண்ணெய்ச் சட்டியில் வெடிப்பதும் உண்டு. ரின்மீனும் கருவாடும் தாமே உப்புடையன. அவற்றைக் கலந்து சுவைத்த பின்னரே மேலும் இடுவதா என்று துணிதல் நன்று. இறைச்சியைப் பச்சையாக வைப்போர் அதில் ஒரு சிறு உருண்டையைப் பொரித்து உண்டு பார்க்கலாம். உறையில் உப்புக் குறைவாதலின், தனியே சுவைக்கும்போது உள்ளீட்டின் உப்புச் சற்றே முன்னிற்பது பிழையன்று.

சமையற் குறிப்பு எழுதுவோர் 'ஒரு தேக்கரண்டி உப்பு' என்று எழுதி அமைந்துவிடுகின்றனர். கல்லுப்பா, தூளுப்பா? தூளுப்பு நெருங்கிப் படிவதால் அதே கரண்டியில் எடை மிகும். புதிதாய்ச் சமைக்கப் புகும் பெண்ணோ ஆணோ இதனாலேயே இடறுவதுண்டு.

உப்பைக் குறைக்குமாறு வைத்தியர் கூறும் இக்காலத்தில் இத்துணை வாதம் எதற்கு என்பாரும் உளர். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே தக்கதென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது மெய்யே. அதற்காகவே உள்ளீட்டின் உப்பு அளந்திடப்பட வேண்டும் என்கிறேன். ஒரு கிலோ உள்ளீட்டுக்கு 10 கிராம் உப்பு எனக் கொள்வோம். 50 கிராம் உள்ளீடு கொண்ட றோல் ஒன்றில் அரைக் கிராமே இருக்கும். இடைவேளையில் இரண்டு உண்ணும் மாணவனுக்கு ஒரு கிராம். கையால் எறியும் உப்புக்கு இப்படிக் கணக்குக் கூற இயலுமா? உறைக்குள் மறைந்திருப்பதை அம்மாணவன் கண்டறிய வழியில்லை. உப்பை நிறுத்திடுமாறு சிற்றுண்டிச்சாலை நடத்துவோரை ஆசிரியர்கள் கேட்கலாம். மாவும் சீனியும் நிறுக்கும் தராசு அங்கே முன்னரே உள்ளது.