ஏட்டுச் சுரைக்காயும் எங்க வீட்டு சி.பி.யூ.வும்

இந்தத் தடவை நான் கவிதை எழுதவில்லை. ஒரு கருத்து எழுதியிருக்கிறேன். மணி அடிக்கிறதுக்குள்ள படிச்சிடுங்க.

காலாண்டுத் தேர்வில் கணினி அறிவியலில் 70-க்கு 66 வாங்கினேன். ராம் என்றால் என்ன, சி.பி.யூ. என்றால் என்ன, விரிவாக்கம் எழுதுக என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமையெல்லாம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் போய்விட்டது.

எங்க அக்கா வீட்டிலேயே கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ் எல்லாம் வடிவமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பவள். அன்று காலையில் சுவிட்ச் போட்டால் ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. உள்ளேயிருந்து பீப், பீப், பீப் என்று சத்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் சுவிட்ச் போட்டுப் பார்த்தார். "சி.பி.யூ. போச்சும்மா. பழைய மாடல். இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு" என்றார். அம்மா சீட்டுப் பணத்தில் 7,500 ரூபாய் கொடுத்து, பழசிலேயே வேறொரு பெட்டி வாங்கினார்கள். 66 மார்க் வாங்கிய நான் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

பழைய பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. அதோடு அக்காவின் இரண்டு வருஷ டிசைன்களும் போயின. தை மாதக் கல்யாணங்களுக்கு மார்கழியில்தான் பத்திரிகை வேலை குவியும். "போன வருஷம் போட்ட மாதிரியே போட்டுக் குடு" என்று வந்தவர்களுக்குக் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. வழக்கமாக வருகிற இரண்டு பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள்.

பொங்கலுக்குப் பெரியம்மா மகன் வந்தார். கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிற அண்ணன். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். ராமைக் கழட்டினார். அதன் பொன்னிறப் பல் வரிசையை என்னுடைய பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினார். சுவிட்ச் போட்டார். திரை வந்துவிட்டது!

அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அப்ப என் ஃபைல் எல்லாம் மூணு மாசமா இதுக்குள்ளயேதான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா பாப்பா. ராம் வேற, ஹார்டு டிஸ்க் வேற. டிஸ்க்கைக் கழட்டிப் புதுப் பெட்டியில மாட்டியிருந்தாக்கூட எல்லாம் கிடைச்சிருக்கும்" என்றார் அண்ணன்.

அந்த வித்தியாசத்தைத்தான் நான் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருந்தேன். ராமில் இருப்பது மின்சாரம் நின்றால் அழிந்துவிடும், ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அழியாது என்று. ஆனால் அதுதான் இது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றினாரா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அவர் சொன்ன சி.பி.யூ. எது? ஊரில் எல்லாரும் முழுப் பெட்டியையும் சி.பி.யூ. என்கிறோம். உண்மையில் அந்தப் பெட்டிக்குப் பெயர் கேபினெட். சி.பி.யூ. என்பது அதற்குள்ளே தாய்ப்பலகையின் மேல், ஃபேனுக்கு அடியில் இருக்கிற பிராசசர். தீப்பெட்டி அளவுகூட இருக்காது. அது அவ்வளவு சீக்கிரம் கெட்டும் போகாது. "அண்ணே, போனது பிராசசரா, போர்டா, ராமா, எஸ்.எம்.பி.எஸ்.ஸா?" என்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவர் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார். கேட்கவில்லை. கேட்காத கேள்வியின் விலை 7,500 ரூபாய்.

அதனால் என் கருத்து இதுதான்: பொருளைக் கையில் தொடாமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வது படிப்பே இல்லை. பாகத்தின் சரியான பெயர் தெரிந்தவருக்குத்தான் பழுது எங்கே என்று தேடத் தெரியும். பெயரே தெரியாவிட்டால் எல்லாப் பழுதும் ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் போச்சு."

அந்த பீப் சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ராம் கிடைக்கவில்லை என்றால் பல போர்டுகள் பீப் அடித்துச் சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆக, கம்ப்யூட்டரே வாய் திறந்து சொல்லியிருக்கிறது. எங்களுக்குத்தான் அந்த பாஷை தெரியவில்லை!

இன்னொரு உதாரணம். கம்ப்யூட்டரில் தேதி தினமும் பழைய வருஷத்துக்கே போய்விடுகிறதா? போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர்.2032, 3 வோல்ட். அது தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் 'பாதுகாப்பு இல்லை' என்று திறக்க மறுக்கும். நாம் உடனே "வைரஸ் வந்துடுச்சு" என்போம்.

நெட்வொர்க் பக்கமும் இதே கதைதான். எது நடந்தாலும் "நெட் போச்சு." போன மாதம் நம் லேபில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன். ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பித்தது. ஐ.பி. முகவரி என்பது நெட்வொர்க்கில் நம் வீட்டு எண் மாதிரி. சாதாரணமாக அதை ரூட்டர்தான் தரும். அப்படித் தரும் ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். கேட்டும் யாரும் தராவிட்டால் விண்டோஸ் தானே 169.254 என்று ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அப்படியானால் இணையம் போகவில்லை. இந்த கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்திருக்கிறது. கேபிளைப் பார்த்தேன். முனையில் இருக்கிற ஆர்.ஜே.45 பிளக்கின் சின்ன நாக்கு உடைந்து, பிளக் வெளியே நழுவியிருந்தது. தள்ளி மாட்டியதும் நெட் வந்துவிட்டது. (இன்னும் அந்த நாக்கு மாற்றப்படவில்லை. ஐந்தாவது சிஸ்டத்தில் உட்காருபவர்கள் காலை ஆட்டாதீர்கள்!)

ரூட்டர் என்பதைத் தமிழில் திசைவி என்கிறார்கள். எந்தத் தகவல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று வழிகாட்டுவது. பெயரிலேயே வேலை இருக்கிறது. வைஃபை என்பது இணையம் இல்லை. ரூட்டர் வரை போகிற கம்பியில்லாத பாதை, அவ்வளவுதான். பாதை நன்றாக இருந்தும் பஸ் வராத நாள் உண்டல்லவா? அதனால்தான் வைஃபை குறி முழுசாக இருந்தும் சில நேரம் நெட் வருவதில்லை. 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு வாங்கியவர் "நொடிக்கு 12 தான் இறங்குது, ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போவார். அங்கே சொல்வது பிட், இங்கே இறங்குவது பைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. கணக்கு சரிதான்!

"இப்ப எல்லாமே போன்தான், இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். போனுக்குள்ளும் பிராசசர், ராம், ஸ்டோரேஜ்தான் இருக்கின்றன. இ-சேவை மையம், வங்கி, ஆஸ்பத்திரி, அச்சகம் எல்லாம் கம்ப்யூட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. அவை நின்றால் சரி செய்ய ஓர் ஆள் வேண்டும். நம் வகுப்பில் ஐந்தாறு பேர் அந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறோம். முதல் நாள் வேலையில் "எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழட்டு" என்றால் விரிவாக்கமா எழுதிக் காட்டுவது?

லேபில் உறை போட்டு வைத்திருக்கும் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைத் திறந்து காட்டுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டேன். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்கும்மா. ஒரு திருகாணி தொலைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அதனால் நானே ஒரு வழி சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பழைய பெட்டியைக் கொண்டுவருகிறேன். ஹார்டு டிஸ்க்கை மட்டும் அக்கா கழட்டி வைத்துக்கொண்டாள். அதைக் கேட்டால் அடி விழும்! மற்றதெல்லாம் நமக்குத்தான். வாரம் ஒரு நாள், மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரம், ஒரு மேசை, ஒரு ஸ்க்ரூ டிரைவர். இவ்வளவுதான் வேண்டும். விதி மூன்று: மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்; ராமைத் தொடும் முன் பெட்டியின் இரும்பைத் தொட வேண்டும்; எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஆசிரியர்கள் மேசைக்கு அனுமதி தருவார்கள் என்று நம்புகிறேன். சேர விரும்புகிறவர்கள் கீழே உள்ள வெள்ளை இடத்தில் பெயர் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், ஆனால் பென்சிலால். ரப்பருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்!

— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி