சிறு சேதமும் இன்ஷூரன்ஸும்

சோமனூரில் தறிக்குடோன் சந்தில் திருப்புகையில் காரின் பம்பர் சுவரில் மோதி உடைகிறதென்று வைத்துக்கொள்வோம். மாற்றுவதற்குச் செலவு 5,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கோருவதா? வேண்டாமென்பதே நமது அபிப்பிராயம்.

சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலை தேய்மானமாகக் கழியும்; மேலும் குறைந்தது 1,000 ரூபாயை உடையவரே ஏற்கவேண்டும். ஐந்தாண்டு நஷ்டஈடு கோராதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் 50 சதவீதத் தள்ளுபடியும் ஒரே கோரிக்கையில் அற்றுப்போம். அப்பிரீமியம் 10,000 ரூபாயெனில், அடுத்த ஐந்தாண்டுகளில் 12,500 ரூபாய் அதிகம் செலுத்த நேரும்.

ஆனால் ஒருவர் காயமுற்றால் இக்கணக்கு செல்லாது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, போலீஸுக்கும் கம்பெனிக்கும் அறிவித்தல் கடமையாகும். ஏழைத் தொழிலாளியின் கையில் சில நோட்டுகளைத் திணித்து அனுப்புதல் சிக்கனமன்று, உரிமையைக் களவாடுதலேயாம்.