வீட்டைச் சோதிப்பது யார் செலவு?

பழைய வீடு ஒன்றை அறுபது லட்சத்துக்குப் பேசி முடித்தால் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5,40,000 ரூபாய் அரசுக்குப் போகிறது. தரகர் கமிஷன், பத்திர எழுத்தர் கூலி, வக்கீல் ஃபீஸ், வங்கியின் பிராசசிங் கட்டணம் எல்லாம் தனி. வாஸ்து பார்க்க வருகிறவருக்கும் வெற்றிலை பாக்கோடு ஒரு தொகை உண்டு. இவ்வளவையும் முகம் சுளிக்காமல் கொடுக்கும் குடும்பத்திடம், ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்துக் கூரைக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து எழுதி வாங்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். "அது எதுக்குத் தண்டச் செலவு, நாமதான் நேர்ல பாத்தோமே" என்று பதில் வரும்.

பார்த்தது என்ன? ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணி நேரம். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்திருப்பார்கள், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியிருப்பார்கள். சுவரெல்லாம் புதுப் பெயின்ட். அதன் அடியில் புட்டி, அதற்கும் அடியில் விரிசல். பழைய பைக் வாங்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போகிற நாம், இருபது வருடத் தவணையில் வாங்கும் வீட்டுக்குத் தனியாகத்தான் போகிறோம்.

சோதனை என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காகிதம்தான். முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வக்கீலின் லீகல் ஒப்பீனியன். இதில் நமக்கு நல்ல பழக்கம் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பரிவர்த்தனை மட்டுமே, உயிலைப் பதிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை, பத்திரம் பதிவானது என்பதாலேயே விற்றவரின் உரிமை உறுதியாகிவிடாது என்பதெல்லாம் ஓரளவு தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

காகிதத்தைத் தாண்டினால் நிலம். பத்திரத்தின் சொத்து விவரத்தில் 40-க்கு 60, ஆக 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு என்று இருக்கும். செக்குபந்தி நான்கும் சரியாக எழுதியிருக்கும். பின்பக்கத்து மதில் ஓரடி உள்ளே தள்ளி நிற்பதை அந்தப் பத்திரம் சொல்லாது. 40 அடி நீளத்துக்கு ஓரடி என்றால் 40 சதுர அடி. சதுர அடி 8,000 ரூபாய் விற்கும் பகுதி என்று வைத்துக்கொண்டால் 3,20,000 ரூபாய். பணத்தைக்கூட விடுங்கள், பின்வீட்டுக்காரரோடு வரப்போகும் வழக்குக்கு யார் விலை போடுவது? 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஊரக நிலங்களுக்கான புலப்படத்தை இணையத்திலேயே எடுக்கலாம். அரசு சர்வேயருக்கு மனுப் போட்டால் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. தனியாரில் லைசென்ஸ் சர்வேயர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அளந்து பார்ப்பது என்றாலே "எங்கமேல நம்பிக்கை இல்லையா" என்று விற்பவர் முகம் மாறுகிறது. வாங்குகிறவரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார். இந்தக் கூச்சத்துக்காகப் பின்னால் முன்சீப் கோர்ட்டுக்கு நடக்கிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கடைசியாகக் கட்டடம். அதிக ஆபத்து உள்ள இடமும் இதுதான், யாருமே பார்க்காத இடமும் இதுதான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதும். கான்கிரீட் பொரிந்து சன்ஷேடு முதலில் உதிரும். பாத்ரூம் தளத்துக் கசிவு கீழ்வீட்டின் கூரையில் வரைபடம் போடும். சுவரடியில் ஓதம் ஏறியிருந்தால் பெயின்ட் அதை ஒரு மழைக்காலம்வரைதான் மறைக்கும். வயரிங்குக்கு எர்த் இருக்கிறதா, செப்டிக் டேங்குக்கும் போர்வெல்லுக்கும் எவ்வளவு தூரம், அனுமதி வாங்கிய பிளானில் இல்லாத மாடி ஒன்று மேலே உட்கார்ந்திருக்கிறதா, 2015 வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேட்க வேண்டியவை நிறைய. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த அரசுக் குடியிருப்புக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் பிழைத்தன. எல்லா விரிசலும் அப்படி நேரம் கொடுப்பதில்லை.

"பேங்க்லேருந்து இன்ஜினியர் வந்து பாத்துட்டாரே" என்பார்கள். வந்தார். அவர் வந்தது கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் இந்த வீட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்று கணிக்க. அதில் குடியிருக்கப் போகிறவரின் கேள்விகள் வேறு. அதைவிட வேடிக்கை, அந்த மதிப்பீட்டுக்கும் லீகல் ஒப்பீனியனுக்கும் பணம் கட்டுவது கடன் வாங்குகிறவர். அறிக்கை போய்ச் சேருவது பெரும்பாலும் வங்கியின் ஃபைலுக்கு. கேட்டால் "அது இன்டர்னல்" என்கிறார்கள். பதிவுத் துறையும் வீட்டைப் பார்க்கிறது. கட்டடத்தின் வயது, கூரை வகை, சதுர அடி எல்லாம் படிவத்தில் எழுதி வாங்கி, தேவைப்பட்டால் களப்பணிக்கும் ஆள் அனுப்புகிறது. அது முத்திரைத்தாள் கட்டணம் குறையாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்க்க. ஆக ஒரே வீட்டை மூன்று நான்கு பேர் தனித்தனியே வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதில் வாழப் போகிறவர்களுக்காகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சட்டம் இரு பக்கத்துக்கும் பொறுப்பு வைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அது மோசடி. ஆனால் வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருக்கக் கூடிய குறைக்கு இந்தக் கடமை கிடையாது. புதுக் கட்டடம் என்றால் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைப் புரொமோட்டர் சரிசெய்து தர வேண்டும். இருபது வருடப் பழைய ஃபிளாட்டை மறுவிற்பனையில் வாங்குகிறவருக்கு அந்தக் குடை இல்லை. சாதாரணக் கவனம் எது என்று நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட, பார்த்து எழுதி வைத்துக்கொள்வது மலிவு.

செலவு யாருடையது என்ற கேள்விக்கு மற்ற நாடுகளும் தடுமாறித்தான் விடை தேடியிருக்கின்றன. இங்கிலாந்தில் வாங்குகிறவரே மூன்று நிலைச் சர்வேக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுகிறார். பேரம் முறிந்தால் பணம் போச்சு. அடுத்து வருகிறவர் அதே வீட்டுக்கு மறுபடியும் கட்டுவார். 2007-இல் விற்பவர் ஆவணத் தொகுப்பு தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் கட்டட நிலை அறிக்கையைக் கட்டாயமாக்கும் யோசனையை முன்பே கைவிட்டிருந்தார்கள். 2010-இல் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. பக்கத்து ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், விற்பனைக்கு வைக்கும்போதே சர்வே அறிக்கையை விற்பவர் தயாராக வைத்திருக்க வேண்டும். அது இன்றும் நடக்கிறது. டென்மார்க் இன்னும் ஒரு படி போனது. 1996 முதல் அங்கே விற்பவர் கட்டட நிலை அறிக்கை எடுத்துத் தந்து, வாங்குகிறவரின் காப்பீட்டு பிரீமியத்தில் பாதியை ஏற்க முன்வந்தால், மறைகுறைகளுக்காக அவர்மீது பின்னால் வரக்கூடிய பொறுப்பிலிருந்து பெருமளவு விடுபடுகிறார். நேர்மையாகச் சொன்னவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

விற்பவர் எடுத்த அறிக்கையை எப்படி நம்புவது என்ற சந்தேகம் நியாயமானது. பணம் கொடுத்தவர் பக்கம் பேனா சாயும் என்பது நாம் அறியாததா? அதனால்தான் அறிக்கை யாருக்குப் பொறுப்பானது என்பதை எழுத்திலேயே வைக்க வேண்டும் என்கிறோம். இன்ஜினியர் உள்ளாட்சியிலோ சி.எம்.டி.ஏ.விலோ பதிவு பெற்றவராக இருக்கட்டும். விற்பவர், வாங்குபவர் இருவர் பெயரும் போட்டு அறிக்கை தரட்டும். செலவை இருவரும் பாதிப் பாதி ஏற்கட்டும். பேரம் முறிந்தாலும் அறிக்கை விற்பவரிடம் இருக்கும். அடுத்து வருகிறவர் அதே இன்ஜினியரிடம் தன் பெயருக்கு உறுதி வாங்கிக்கொண்டு தன் பங்கைக் கொடுக்கலாம். வங்கிகள் மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடன்தாரருக்குத் தருவதை ஒரு சலுகையாக நினைக்காமல் இருந்தால் போதும், பாதி வேலை குறையும். ஐந்தரை லட்சம் வாங்கிக்கொள்ளும் அரசு, தான் சேகரிக்கும் கட்டட விவரத்தை வாங்குகிறவருக்கும் காட்டலாம். சிறிய வீடு வாங்குகிறவர்களின் நில அளவைக்கு முன்னுரிமையாவது கொடுக்கலாம். முதல் வீடு வாங்கும் கூலிக் குடும்பத்திடம் இன்னொரு கட்டணத்தைக் கட்டாயமாக்குவது நியாயம் ஆகாது. அவர்கள் பங்கை ஏற்க வேண்டியது வங்கியும் அரசும்தான்.

அடுக்குமாடியில் இது தனியொருவரால் ஆகிற காரியமே இல்லை. நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்குகிறவர் கார் பார்க்கிங்கில் இருக்கும் பில்லரைத் தட்டிப் பார்க்க யாரிடம் அனுமதி கேட்பார்? தூணும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் எல்லோருடையவை. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் இந்தச் சோதனையைக் கையில் எடுக்க இது நல்ல நேரம். சில வருடங்களுக்கு ஒருமுறை கட்டடம் முழுவதற்கும் ஒரு சோதனை, செலவு சதுர அடிக் கணக்கில் எல்லோருக்கும், அறிக்கை ஆபீஸ் அறையில். விற்கும் குடும்பம் அதன் நகலைக் கொடுத்துவிட்டுப் போகலாம். "விலை குறைஞ்சிடும்" என்று பயந்து அறிக்கையைப் பூட்டி வைக்கும் சங்கம், விற்றுப் போகிறவரின் லாபத்துக்காக மிச்சமிருக்கும் நாற்பது குடும்பங்களை ஆபத்தில் வைக்கிறது.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் எழுதும்போது ஒரு ஷரத்து சேர்க்கலாம்: முப்பது நாளுக்குள் நிலமும் கட்டடமும் அளந்து சோதிக்கப்படும், செலவு இருவருக்கும் சரிபாதி, குறை தெரிந்தால் விலை மறுபடியும் பேசப்படும் அல்லது அட்வான்ஸ் முழுவதும் திரும்பும். பத்திர எழுத்தர்கள் இதைத் தங்கள் வழக்கமான மாதிரி வாசகத்திலேயே வைத்துவிட்டால், கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.