ஐந்து மைல் சுற்றளவில் ஒரு மண்டபம்



தோட்டத்துக் கோயிலைப் புதுப்பிக்க வேண்டும், பக்கத்தில் மண்டபம் எழுப்ப வேண்டும் என்று பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, “குடும்பத்துக்கு எவ்வளவு வசூல்?” என்பதுதான். அது கொழுந்து எடுத்துச் சேர்த்த காசு. பளிங்குத் தரைக்கும் அலங்கார வளைவுக்கும் அது கரைந்துபோகலாமா? லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரின் வாழ்க்கை இதற்கு நல்ல பதில் சொல்லும்.

பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்பது அண்ணலின் கருத்து. பேக்கர் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். 1948-இல் மருத்துவர் எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே மலைவாழ் மக்கள் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய வீடுகள் குளிரையும் மழையையும் தாங்கி நிற்பதைக் கண்டார். படித்தவர், படிக்காதவரிடம் மாணவரானார்.

பிறகு கேரளம். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், லயோலா கல்விக்கூடத்தின் வழிபாட்டுக்கூடம், தம்பானூர் காப்பிக்கடை, மீனவர் வீடுகள் என்று எத்தனையோ கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திச் சுவர் எழுப்புவார். நடுவில் வெற்றிடம் விழும். செங்கல்லில் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பிகளே தாங்கும் என்பதால், அங்கே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைப்பார். ஆய்வு மையம் இருப்பது சரிவான நிலத்தில். மேட்டை வெட்டிச் சமமாக்காமல், சரிவின் போக்கிலேயே, மரங்களைக் காத்துக் கட்டினார்.

மலிவு என்றால் மட்டம் என்று நினைப்போர் உண்டு. பேக்கருக்கு 1990-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007-இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவர் கட்டியவற்றை இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் தேடிச் சென்று பார்க்கிறார்கள்.

காற்றுக்காக அவர் வைத்த துளைச் சுவர்கள் நம் கேமரன் மலைக்கு ஒத்துவரா. சாரலும் குளிரும் உள்ளே புகுந்துவிடும். ஆனால் அவருடைய கேள்விகள் நமக்கும் பொருந்தும். பழைய மரமும் ஓடும் மறுபடி உதவுமா? மேட்டை வெட்டினால் மழையில் மண் சரியாதா? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? வயதானவர்களால் படி ஏற முடியுமா? விசேஷ நாளில் பெரிய அண்டா வைத்துச் சமைக்க இடம் போதுமா?

இவற்றைக் கூட்டத்தில் கேளுங்கள். சமைக்கும் பெண்களையும் பேச விடுங்கள். தகுந்த பொறியாளர் ஒருவர் இடத்தைப் பார்த்து, மன்றத்தின் அனுமதியும் கிடைத்த பிறகு ரசீதுப் புத்தகத்தைத் திறக்கலாம். பூசைக்கு வரும் கூட்டத்தின் தலைமேல் கூரை பத்திரமாக நிற்க வேண்டும். அதுதான் முதல் அலங்காரம்.