குழியை மூடலாம், அறிக்கையை மூடாதே!

எங்கள் ஊர் திருவாதவூர். இங்கே ஓவாமலைக் குகையில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகள் இருக்கின்றன. ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்துச் சொன்னது சரிதானா என்ற ஐயம் வந்தால், அவர் புத்தகத்தோடு மலையேறிப் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல் அங்கேயே இருக்கிறது. பேராசிரியரும் பார்க்கலாம், ஆடு மேய்ப்பவரும் பார்க்கலாம்.

கீழடிக்கு அந்த வசதி இல்லை. ஒரு மண்ணடுக்கைத் தோண்டி எடுத்தால் அது போனது போனதுதான். அதே குழியை இன்னொருவர் மறுபடி தோண்டிச் சரிபார்க்க முடியாது. எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில், எந்தக் கரித்துண்டு கிடந்தது என்பதற்கு மிஞ்சும் ஒரே சாட்சி அறிக்கை. அறிக்கையை முடக்கி வைப்பது, தோண்டி எடுத்ததைத் திரும்பப் புதைப்பதற்குச் சமம்.

முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் கொடுத்தார். ஒன்பது மாதத்தில் வெளியிடுவோம் என்று 2024 பிப்ரவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒன்றியத் தொல்லியல் துறை சொன்னது. வெளியிடவில்லை. 2025 மே மாதம், வல்லுநர் இருவர் குறை சொல்கிறார்கள், கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்ற காலக்கணிப்புக்குப் போதிய நியாயமில்லை, திருத்திக் கொடு என்றது. அவர் மறுத்தார். சூன் மாதம் மீண்டும் இடமாற்றம்.

குறை இருக்கலாம். எந்த அறிக்கையில்தான் இல்லை? அப்படியானால் அறிக்கையை அச்சிடுங்கள், வல்லுநர்களின் மறுப்பையும் கூடவே அச்சிடுங்கள். படிப்பவர்கள் எடைபோட்டுக் கொள்வார்கள். அறையைப் பூட்டிக்கொண்டு திருத்துவதற்குப் பெயர் ஆய்வு அல்ல, தணிக்கை.

"பிழை இருக்கிறது, அதனால் காட்டமாட்டோம்" என்பது பழைய பாட்டு. 2011இல் எடுத்த சாதிக் கணக்கு எங்கே என்று கேட்டபோதும், அதில் பிழைகள் மலிந்திருக்கின்றன என்றுதான் 2021இல் உச்சநீதிமன்றத்தில் சொன்னார்கள். நம்மிடம் எடுத்த கணக்கை நாம் பார்க்கக்கூடாதாம்! அறிவு சிலர் கையில், நம்பிக்கை பலர் தலையில். பார்ப்பனியம் இதைத்தானே காலங்காலமாகச் செய்துவருகிறது?

தோழர்களே, இதே அளவுகோல் நமக்கும் உண்டு. கீழடியில் சாதி இல்லை, மதம் இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். எந்தச் சான்றை வைத்து? ஒரு பொருள் கிடைக்கவில்லை என்பதாலேயே அது இருந்ததில்லை என்றாகிவிடாது. குவிரன், ஆதன் என்று பானை ஓட்டில் கீறிய பெயர்கள் எழுத்தறிவு பரவியிருந்ததைக் காட்டுகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். எழுத்து உனக்கு ஆகாது என்று விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது சின்னச் செய்தியல்ல. அதனாலேயே எதிரி சோதித்தாலும் நிற்கும் சான்றாக அது இருக்க வேண்டும்.

மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒரு முன்மாதிரி. 353 செ.மீ. ஆழத்து மாதிரி, அமெரிக்க ஆய்வகம், கி.மு. 580 என எல்லாவற்றையும் அச்சில் வைத்தது. மறுக்க நினைத்தவர்கள் அதைப் படித்துத்தான் மறுத்தார்கள். அதில் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை.

அமர்நாத் அறிக்கையை ஒரு வரி மாற்றாமல் வெளியிட வேண்டும். பெருமை பேச நமக்கு அறிக்கை தேவையில்லை. உண்மையைச் சரிபார்க்கத் தேவை.